மாதிரி உருவம் செய்யும் பொழுதுபோக்கு: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கப்பல், விமானம், தொடர்வண்டி, கோயில், வீடு போன்றவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்து வண்ணம் தீட்டுவது மாதிரி உருவம் செய்தல் எனப்படும். பெட்டியின் மீது 1:72 என்று அச்சிடப்பட்டிருந்தால், ஆறடி உயர மனிதர் அதில் ஓர் அங்குல உயரமே இருப்பார் என்று பொருள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்டுவோர் உண்டு. பால்சா மரம், அட்டை, தெர்மாகோல் ஆகியவற்றைக் கொண்டு முழுவதையும் தாமே உருவாக்குவோரும் உண்டு. தனியே தொடங்குவோரில் பலர், நாளடைவில் தம்மைப் போன்றவர்களைத் தேடிச் சென்று ஒரு குழுவில் சேர்ந்துகொள்கின்றனர்.

இது நமக்கு அந்நியமான பழக்கமன்று. கொலுப் படிகளுக்கு அருகே கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ஒரு சிற்றூரையே அமைப்பதும் இவ்வகைக் கலையே. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்தலும், வான்படைப் பிரிவில் விமான மாதிரி செய்தலும் பயிற்சியின் பகுதிகளாக உள்ளன. மாணவப் பருவத்தில் அங்கே கற்றதைப் பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் கையில் எடுப்போர் உண்டு. முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் முழு அளவில் நிற்கின்றன. அவற்றின் தூண்களையும் ஓட்டுக் கூரையையும் பார்த்துவிட்டு வந்து, அவற்றையே ஒரு சாண் உயரத்தில் செய்து பார்க்க விரும்புவோருக்கு அது நல்ல பாடசாலை. இன்னும் தெற்கே மாமல்லபுரத்தில், மரத்தாலும் கூரையாலும் ஆன கட்டடங்களின் வடிவத்தை 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையில் செதுக்கி வைத்துள்ளனர்.

இப்பொழுதுபோக்கில் ஈடுபடும் நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதைத் தொடரலாமா?" பெரும்பாலோருக்கு விடை "தொடரலாம்" என்பதே. ஆனால், மேசையின் மீது எந்தப் பசை, எந்த வண்ணம், எந்தக் கருவி இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்த விடையைச் சொல்ல முடியும்.

நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியிலிருந்து, அறுபது வயதைக் கடந்த ஒருவர் மூச்சிரைப்புக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். புகைப்பழக்கம் இல்லை. திங்கள், செவ்வாய்க் கிழமைகளில்தான் அவருக்கு இரைப்பு அதிகமாக இருந்தது. இன்ஹேலரின் அளவை இருமுறை உயர்த்தினேன். மூன்றாம் முறை அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது, நகக்கண்களில் சாம்பல் நிற வண்ணம் ஒட்டியிருந்ததைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் படுக்கையறையில் கப்பல் மாதிரிகளுக்கு ஸ்பிரே வண்ணம் அடிப்பதாகச் சொன்னார். சன்னலை மூடி, ஏசியை இயக்கிக்கொண்டு அடித்திருக்கிறார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. தின்னர் கலந்த வண்ணத்தை ஈரக்காற்றில் அடித்தால், உலரும்போது மேற்பரப்பில் பால் படர்ந்தாற்போல் வெண்மை பூத்துவிடும். அதைத் தவிர்க்கவே அவர் கதவை அடைத்தார். கப்பல் அழகாக வந்தது, மூச்சுக்குழல் சுருங்கியது.

"இதை விட்டுவிடுங்கள்" என்று சொன்னேன். அவரும் விட்டுவிட்டார். மூன்று மாதங்களில் இரைப்பு குறைந்தது. ஆனால், ஞாயிறுதோறும் நண்பர்களைச் சந்திக்கப் போய்வந்ததும் அதனுடன் நின்றுபோனது. பகலிலும் படுத்தே இருந்தார், எடை கூடியது, சர்க்கரை அளவு ஏறியது. "மூச்சு சரியாகிவிட்டது ஐயா, அப்பாதான் சரியில்லை" என்றார் உடன் வந்த மகள். நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியது தின்னரையும் மூடிய அறையையும்தான், கப்பலை அன்று. அதன் பிறகே இப்பொழுதுபோக்கின் பொருள்களைப் பற்றி முறையாகப் படித்தேன். இப்பக்கம் அதன் விளைவு.

மூச்சைத் தாக்குபவை

பிளாஸ்டிக் துண்டுகளை இணைக்கும் பசை, மைதா பசையைப் போல் இடையில் நின்று ஒட்டுவதன்று. அதிலுள்ள கரைப்பான் இரு துண்டுகளின் ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவியே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண் எரிச்சல் ஆகியவற்றுக்குக் காரணம். எனாமல், லாக்கர் வண்ணங்களும் தின்னரும் இவ்வாறே. நெடி தெரியவில்லை என்பதால் ஆவி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சில நிமிடங்களில் மூக்கு நெடிக்குப் பழகிவிடுகிறது. இவ்வாவிகளில் பெரும்பாலானவை காற்றைவிடக் கனமானவை. தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே, மேசையில் வேலை நடக்கும்போது தரையில் விளையாடும் குழந்தைக்கு நெடி எட்டாது என்று கருதுவது தவறு.

ஸ்பிளிட் ஏசி அறையிலுள்ள காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. புதிய காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. மேசை விசிறியும் ஆவியை அறை முழுவதும் பரப்புமே தவிர வெளியேற்றாது. எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; அல்லது வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ வேலை செய்ய வேண்டும். காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வந்து மேசையைக் கடந்து வெளியே செல்லுமாறு அமருங்கள். சிலர் அட்டைப் பெட்டியில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தி, அதற்குள் வைத்து வண்ணம் அடிக்கின்றனர். நீர்வண்ணத்துக்கு அது பயன்படும். தின்னர் கலந்த வண்ணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சாதாரண விசிறி மோட்டாரின் தீப்பொறி ஆவியைப் பற்றவைக்கக்கூடும். குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவையும் அருகில் இருத்தலாகாது. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியோ சிலிண்டரோ பயன்படுத்தும் நோயாளி இருந்தால், கரைப்பான் கலந்த பசையும் வண்ணமும் அந்த வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

முகக்கவசம் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை உள்ளது. துணிக் கவசமும் அறுவைசிகிச்சைக் கவசமும் ஆவியைத் தடுப்பதில்லை. என்95 கவசம் தூசியையும் நுண்துளிகளையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். நுரையீரல் நோயாளிகளுக்கு அத்தகைய கவசத்தின் வழியே மூச்சிழுப்பதே கடினம் என்பதால், அவர்களுக்கு நான் கவசத்தைப் பரிந்துரைப்பதைவிட வண்ணத்தை மாற்றச் சொல்வதே வழக்கம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டினால் ஆவியும் மிகக் குறைவு, காற்றில் பறக்கும் துளியும் இல்லை. ஆனால், அதே நீர்வண்ணத்தை ஏர்பிரஷ்ஷில் அடித்தால் நுண்துளிகள் நுரையீரலுக்குள் செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

சில பொருள்களைத் தனித்துச் சொல்ல வேண்டும். ஃபெவிக்விக் போன்ற உடனொட்டும் பசையின் ஆவி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரைப்பைத் தூண்டலாம். அடிக்கடி புழங்குவோருக்குப் புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்கியதும் உண்டு. இரு திரவங்களைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் வகைப் பளபளப்புப் பூச்சில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமா நோயாளிகள் அதனருகே செல்லக்கூடாது. கட்டட மாதிரிகளுக்காக அக்ரிலிக் தகடுகளைக் குளோரோபாரம் கொண்டு ஒட்டும் வழக்கம் மாணவர்களிடையே உள்ளது. அது கல்லீரலைப் பாதிக்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கும். வீட்டில் அதற்கு இடமில்லை. சில பிளாஸ்டிக் பசைகளிலுள்ள டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நெஞ்சுவலி நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கொலுவுக்காகத் தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டும்போது எழும் புகையில் ஸ்டைரீன் உள்ளது. கூர்மையான கத்தியால் வெட்டுவதே நல்லது. கருவுற்ற பெண்கள் கரைப்பான் கலந்த எதையும் பயன்படுத்த வேண்டாம்.

எஞ்சியிருப்பது தூசி. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. இது எளியது, செலவில்லாதது. மேசையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். எம்-சீல் போன்ற இருபகுதிப் பசைகளும் முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் ரெசினும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவன. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறு அளவே அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரப் போதும். ஆகவே முதல் நாளிலிருந்தே நைட்ரைல் கையுறை அணியுங்கள். மாமல்லபுரத்தில் சிறு கோயில் வடிவங்களைக் கருங்கல்லில் செதுக்குவோருக்குத் தூசி இன்னும் பெரிய ஆபத்து. கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் ஆறாத தழும்பை ஏற்படுத்துகிறது. காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. கல்லை நனைத்தே வெட்ட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

தூரிகையை வாயில் வைக்காதீர்கள்

நுண்ணிய கோடு இழுக்கும் முன் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்குவது வண்ணம் தீட்டுவோரிடம் ஊறிப்போன பழக்கம். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு வண்ணம் தீட்டிய இளம்பெண்கள் இவ்வாறே செய்தனர். அவ்வண்ணத்தில் ரேடியம் இருந்தது; பலர் தாடை எலும்பு அரித்தும் இரத்தசோகையாலும் இறந்தனர். இன்றைய வண்ணங்களில் ரேடியம் இல்லை. ஆயினும், சில ஓவிய வண்ணங்களில் காட்மியம் உண்டு; பழைய எனாமல் டப்பாக்களில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய டப்பாக்கள் பரணில் இருந்தால், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

தேநீர்க் குவளையும் தூரிகை கழுவும் குவளையும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. மாற்றிக் குடித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலில் விழும் கத்தி

மாதிரி உருவம் செய்வோர் பயன்படுத்தும் கத்தி பேனாவைப் போன்றது. கைப்பிடி உருண்டையாக இருப்பதால் மேசையில் உருளும். முனை கனமாக இருப்பதால் கீழே விழும்போது முனையே முதலில் தரையைத் தொடும். தரைக்குப் பதில் அங்கே கால் இருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதை அறியாமலே போவதுண்டு. ஒருவர் மறுநாள் தரையில் இரத்தக்கறையைப் பார்த்த பின்னரே காலைக் கவனித்தார். அதற்குள் புண் சீழ்பிடித்துவிட்டது. விரலைக் காப்பாற்ற ஆறு வாரங்கள் ஆயின.

நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலுடன் நடப்பதே வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. வேலை செய்யும் மேசைக்கென முன்புறம் மூடிய ஒரு சோடிக் காலணியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் பின்முனையில் சிறிது களிமண்ணோ ரப்பர் வளையமோ பொருத்தினால் உருளாது. விழும் கத்தியைப் பிடிக்க முயலாதீர்கள். வேலை முடிந்ததும் சர்க்கரை நோயாளிகள் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், உணர்ச்சியை நம்பக்கூடாது.

விரலில் வெட்டு விழுந்தால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் திறந்து பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு இரத்தம் நிற்க நேரமாகும். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். கத்திக்குப் பதிலாக நிப்பர் எனப்படும் வெட்டுக்குறடைப் பயன்படுத்துங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பது நினைவில் இல்லையெனில், காயம் ஏற்படும் வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கண்ணுக்கு நல்ல வெளிச்சமும், நாற்பது வயதுக்கு மேல் சரியான கண்ணாடியும் வேண்டும். வெட்டும்போது தெறிக்கும் துண்டுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். கண்புரை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் கண் மருத்துவர் அனுமதிக்கும் வரை தூசி எழும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு

பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்களுக்குப் பந்தைப் பிசைவதைப் போன்ற பயிற்சிகளைவிட, பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது ஊக்கம் தரும். ஒரு துண்டை எடுத்து, திருப்பி, பொருத்தி, விடுவது என்பது விரல்களுக்கு நல்ல வேலை. இதைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை அளிப்பவரிடம் பெட்டியையே கொண்டுசென்று காட்டி, எந்தப் படியை எந்தக் கையால் செய்யலாம் என்று கேளுங்கள். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இத்தகைய சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. வெளியே செல்ல இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் கேட்கலாம்.

பெரிய துண்டுகள் உள்ள உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். 1:72 வேண்டாம், 1:24 போன்ற பெரிய அளவு ஏற்றது. கடற்கரையில் நாள்தோறும் காணும் கட்டுமரத்தை, ஐந்தாறு மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிச் செய்வது இன்னும் எளிது. அதில் பசையும் இல்லை, கத்தியும் இல்லை. தூரிகையின் கைப்பிடியில் துணியையோ சைக்கிள் டியூபையோ சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பு கிடைக்கும். உருவத்தைச் சிறு பட்டறைப் பிடியில் பொருத்திவிட்டால் ஒரு கையே போதும். இருபது நிமிடங்களுக்கு மேல் தொடர வேண்டாம்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஐந்து நிமிடம் திணறும் துண்டை நீங்கள் ஐந்து நொடியில் பொருத்திவிடலாம். பொருத்தாதீர்கள். கோணலாக ஒட்டிய பாய்மரத்தை இரவில் நேராக்கியும் வைக்காதீர்கள். காலையில் அவருக்குத் தெரிந்துவிடும்.

மறதிநோய் உள்ளவர்களுக்குக் கத்தி, தின்னர், உடனொட்டும் பசை ஆகிய மூன்றையும் அகற்றிவிட்டு, அட்டை மாதிரிகளையும் நீர்வண்ணத்தையும் கொடுங்கள். மேற்பார்வை எப்போதும் தேவை.

ஆர்வம் மிகும்போதும் குன்றும்போதும்

நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் குடும்பத்தினர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இம்மருந்துகள் சிலருக்குக் கட்டுப்படுத்த இயலாத உந்துதலை உண்டாக்கும். சூதாட்டம், அளவுமீறிய செலவு ஆகியவை பலரும் அறிந்த வடிவங்கள். பொழுதுபோக்கிலும் அது வெளிப்படலாம்: இரவு முழுவதும் உறங்காமல் துண்டுகளைப் பிரித்து அடுக்குவது, அடுக்கியதைக் கலைத்து மீண்டும் அடுக்குவது, திறக்காத பெட்டிகள் குவிந்திருக்க மேலும் வாங்குவது, தடுத்தால் சினம் கொள்வது. "நல்ல பழக்கம்தானே" என்று குடும்பம் மகிழ்ந்திருக்கும். மருத்துவரும் கேட்டிருக்க மாட்டார். இது அவருடைய குணக்கேடன்று, மருந்தின் விளைவு. அளவை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால், மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கு நேரெதிர் நிலையும் கவனத்துக்குரியது. நாள்தோறும் மேசையில் அமர்ந்தவர் இரண்டு வாரங்களாகப் பெட்டியைத் திறக்கவில்லை, உறக்கமும் பசியும் மாறியுள்ளன, நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை என்றால், அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். பாதியில் நின்ற கப்பல் அதைப் பல வேளைகளில் வாய்ச்சொல்லைவிட முன்னதாகவே தெரிவிக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

குழுவாகச் சேரும்போது

முதலில் குறிப்பிட்ட நோயாளியின் தீர்வு அவருடைய குழுவிலிருந்தே கிடைத்தது. ஸ்பிரே அடிக்க வேண்டிய பகுதிகளை மட்டும் நண்பர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் அடித்து, நன்கு உலர்ந்த பின் கொண்டுவந்து தந்தார். கீற்று, கொடி, மாலுமிகள் ஆகிய நுண்ணிய வேலைகளை இவர் நீர்வண்ணத்தால் தூரிகை கொண்டு செய்தார். நண்பருக்குக் கை நடுக்கம் இருந்ததால் அவருக்கும் இந்த ஏற்பாடு வசதியாயிற்று. தனியே வேலை செய்பவருக்கு இத்தகைய பங்கீடு கிடைப்பதில்லை. மயக்கம் வந்தாலும் கதவைத் திறக்க ஆளில்லை. ஆதலால் நுரையீரல் நோயாளிகளுக்குக் குழுவில் சேர்வதை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன்.

குழுவை நடத்துவோர், இருபுறமும் சன்னலுள்ள கூடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிரே வேலைக்கும் ஒட்டும் வேலைக்கும் இடம் பிரிக்க வேண்டும். தேநீருக்குத் தனி மேசை, கைகழுவ நீரும் சோப்பும் அவசியம். யார் இன்ஹேலர் பயன்படுத்துகிறார், யாருக்குச் சர்க்கரை தாழும், யாருடைய குடும்பத்தினரை அழைக்க வேண்டும் என்பதைக் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசையின் அடியில் முழங்கால் நுழைய இடமிருக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்துவிட்டே பலர் "அவர் வருவதில்லை" என்கின்றனர்.

ஆஸ்துமா நோயாளிகள் நிவாரண இன்ஹேலரைப் பையிலன்று, மேசை மீதே வைத்திருங்கள். எந்த நாளில் என்ன பொருளைப் பயன்படுத்தினீர்கள், அன்றும் மறுநாளும் இரைப்பு இருந்ததா என்று ஒரு மாதம் குறித்து வந்தால், காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

தின்னரைத் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல், புளிக் கரைசல், சோப்பு நீர் எதுவும் கொடுக்கக் கூடாது. வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் சென்றால் கடுமையான நிமோனியா உண்டாகும். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாதிரி உருவங்களில் விளக்கெரியப் பொருத்தும் பட்டன் பேட்டரியை விழுங்கினாலும் அவ்வாறே. அது இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.

கண்ணில் தின்னரோ வண்ணமோ தெறித்தால், இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். உடனொட்டும் பசையால் விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாமல், ஈரத்துணியால் மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண்ணருகே கொண்டுசெல்லக் கூடாது. அப்பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறிச் சுட்டுவிடும் என்பதால், சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள்.

வேலையின்போது மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் நோயாளியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி அமரவைத்து, 108ஐ அழையுங்கள்; மயங்கிவிட்டால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ ஆலோசனை எண் உள்ளது. எந்த நிலையிலும் பசை அல்லது வண்ணத்தின் புட்டியை உடன் கொண்டுவாருங்கள். வழக்கமான பரிசோதனைக்கு வரும்போதும், நீங்கள் பயன்படுத்தும் பொருள்களின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.